வெள்ளிக்கிழமை படகு இல்லை

“படிக்க வெச்ச பொண்ணு வெள்ளைக்காரனுக்கு மீன் காட்டிட்டிருக்கா, நீ என்னடான்னா இங்க உக்காந்து காத்து வாங்கிட்டிருக்க.” வெள்ளைக்காரனுக்கு மீன் காட்டிட்டிருக்கா. இதை நேற்றும் சொன்னார், விமானத்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார், சேலத்தில் பெட்டிக்குப் பூட்டுப் போடும்போதும் சொன்னார், ஓர் எழுத்து மாறாமல், கான்வென்ட்டில் சாப்பாட்டுக்கு முன் நாங்கள் ஒப்பித்த ஜெபம் மாதிரி, அர்த்தம் போய் ராகம் மட்டும் மிஞ்சிவிட்டது. காற்று வாங்காமல் இந்தப் படகுத்துறைக் கொட்டகையில் வேறு என்னத்தை வாங்குவதாம்? கொடுப்பது காற்று ஒன்றைத்தான், அதுவும் நல்ல காற்று, உப்பும் ஈரமுமாக வந்து கழுத்துப் புழுக்கத்தைத் துடைத்துவிட்டுப் போகிறது. “வெள்ளிக்கிழமைன்னா படகே விடமாட்டாங்களாம், எந்த ஊர்லயாவது உண்டா இப்படி?” என்று அடுத்ததற்குப் போய்விட்டார் என் வீட்டுக்காரர் கனகசபாபதி, ஜவ்வரிசி மில் மேனேஜர், இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் மூன்றாவது பெட்டி மாதிரி உட்கார்ந்துகொண்டு. இந்த ஊரில், மாலத்தீவில், உண்டு. இங்கே வெள்ளிக்கிழமை தொழுகை நாள், ஊர்ப் படகு ஓடாது, தொழுகை முடிந்த பிறகுதான் விரைவுப் படகு. மகளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இவர் கேட்டது தினசரிக் காலண்டரை. வெள்ளி, சுபயோகம், பிரயாணத்துக்கு உகந்த நாள், அந்தத் தாளைப் படம் வேறு பிடித்து ஃபோனில் வைத்திருக்கிறார், படகுக்காரன் ஏதாவது கேட்டால் காட்டலாம் என்று நினைத்தாரோ என்னவோ. போகிறதுக்கு மூன்று டிக்கெட். வரும்போது இரண்டு பேர், போகும்போது மூன்று பேர், ஏற்கெனவே போட்டாயிற்று, அந்த மூன்றாவது ஆளைக் கேட்காமலே. “அவகிட்டப் போயி ஒரே வார்த்தை சொல்லு, கிளம்புன்னு சொல்லு.” நீங்களே சொல்றதுதானே என்றேன். “நான் சொன்னா வாதம் பண்ணுவா.” நான் சொன்னா? பெட்டிப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். “நீ சொன்னா அழுவா. அழுதுட்டு வந்துடுவா.” இந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், திடீரென்று இப்படி ஒன்றைச் சொல்லி வாயை அடைத்துவிடுவார். பெட்டிய யாராவது தூக்கிட்டுப் போயிட்டா என்று நகர மாட்டேன் என்றார். யார் தூக்குவார்கள், தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள், சுற்றிலும் தண்ணீர், படகும் இல்லை. சரி, நீங்க காவல் இருங்க, நான் போறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

கிளம்பு. மூன்றெழுத்துதான், நாலு எழுத்தோ, கி, ள, ம், பு, நாலு, எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த டீச்சர் தோற்றாள். நாக்குக்கு அடியில் பெப்பர்மிண்ட் மாதிரி அதை ஒதுக்கி வைத்துக்கொண்டு நடக்கிறேன், கரையவும் மாட்டேன் என்கிறது, முழுங்கவும் முடியவில்லை. என்ன தெரு இது! தாரும் இல்லை, சிமெண்டும் இல்லை, வெறும் மணல், வெள்ளை வெளேர் என்று, முதல் நாள் இவரே குனிந்து ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டு “நம்ம மில்லு மாவு மாதிரியே இருக்கு பாரு மங்கை” என்றார், அந்த ஒரு நிமிஷம் மட்டும் முகத்தில் கோபம் இல்லை. இந்த மணலை இந்த ஊர்ப் பெண்கள் தினம் விடிந்ததும் ஈர்க்குமாறால் பெருக்குகிறார்கள், ஒரே பக்கமாக, கோடு கோடாக, கோடு கலையாமல் பின்னாலேயே நடந்து போகிறார்கள், நான் மார்கழி முழுக்கக் கோலம் போட்டவள், பார்க்கிறேன், எனக்கு வராது இந்த நேர்த்தி. மாலத்தீவு என்றால் தண்ணீருக்கு மேல் குடிசை, காலைச் சாப்பாட்டைத் தட்டோடு நீச்சல் குளத்தில் மிதக்கவிட்டு ஃபோட்டோ, அப்படித்தான் எதிர் வீட்டு ரேணுகா கேட்டாள், ஃபோட்டோ அனுப்பு அக்கா என்றாள். இது அந்தத் தீவு இல்லை ரேணுகா. இங்கே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் இருக்கிறது, மசூதி இருக்கிறது, கொடியில் சீருடை காய்கிறது, அதற்குப் பக்கத்துச் சுவரில் ‘இங்கே ஸ்நார்க்கலிங் ஏற்பாடு செய்யப்படும்’, வாயில் குழாயை வைத்துக்கொண்டு மீன் பார்க்கிறதுதான், என் பெண்ணின் பிழைப்பு. பவளக்கல் சுவர் வைத்த குட்டி வீடு, ஒட்டினாற்போல் நாலு மாடி, அதற்கு மேல் இன்னும் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது, அடுத்த வருஷம் வாருங்கள் என்பது போல. சிமெண்ட் மூட்டைக்கு மேல் ஒரு கொக்கு. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, ஒரு இடம் அழகாக இருந்தால் விடமாட்டார்களே, கான்க்ரீட் கொட்டிவிடுவார்களே என்று. அப்புறம் அந்த நாலு மாடி யாருடையது என்று கேட்டேன். மரியத்தினுடையது. நாங்கள் தங்கியிருக்கிறோமே, அந்த வீட்டுக்காரி. புருஷன் மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஓர் அறையை வெள்ளையடித்து ஒரு கட்டிலைப் போட்டு ஆரம்பித்தாளாம், இப்போது மாடி மாடியாக ஏற்றிக்கொண்டிருக்கிறாள், தலையில் முக்காடு, கையில் சாவிக்கொத்து, வாசலில் கம்பிச் சட்டத்தில் வலை பின்னித் தொங்குகிற இருக்கையில் சாய்ந்துகொண்டு கொத்தனாரை அதட்டுகிறாள். நான் கோபத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன். சேலத்தில் ஐந்து ரோட்டில் எவனோ கட்டினால் வளர்ச்சி, இவள் கட்டினால் மட்டும் அழகு கெட்டுப்போகிறதாக்கும்.

அந்த வேலி வந்துவிட்டது. தென்னங்கீற்றுத் தட்டி, ஆள் உயரம், அந்தப் பக்கம் பிகினி கடற்கரை, பலகையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது, ஒளிவுமறைவு கிடையாது. அந்தப் பக்கம் என்ன வேண்டுமானாலும் உடுத்து, உடுத்தாமலும் போ, இந்தப் பக்கம் வந்தால் தோளும் முழங்காலும் மூடு. சின்னப் பிள்ளைகள் மாதிரி நிற்கிறார்கள் பாருங்கள் அந்த வாசலில், ஆறடி மனிதர்கள், லுங்கியைச் சுற்றிக்கொள்ளத் தெரியாமல் சுற்றிக்கொண்டு, ஊருக்குள் வருவதற்கு. எங்கள் கான்வென்ட் சிஸ்டர் கான்ஸ்டன்ஸ் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாள், ‘போஸ்ச்சர், கேர்ள்ஸ், ஹெம்லைன்!’ என்று பிரம்பால் பாவாடை விளிம்பை அளந்த கை அது. ஆனால் சிஸ்டருக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் உண்டு, அந்தப் பக்கமே கிடையாது. இவர்கள் இரண்டு பக்கமும் வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு தட்டி. உன்னை நான் மாற்றவில்லை, நீயும் என்னை மாற்றாதே, வா, சாப்பிடு, பணத்தைக் கொடு, போய் வா. நம் வீட்டில் இப்படி ஒரு தட்டி கட்டத் தெரியாமல்தானே, ஒரு பெண் வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னதற்கு வீடே இரண்டாகி, ஒரு வருஷம் அப்பா ஃபோனை எடுக்காமல், நான் மொட்டை மாடியில் துணி உலர்த்துகிற சாக்கில் பேசி. கிளம்பு. பெப்பர்மிண்ட் இன்னும் இருக்கிறது.

மீன் காட்டிட்டிருக்கா. காட்டுகிறாள்தான். நேற்று அவள் படகில் எங்களையும் ஏற்றிக்கொண்டு போனாள். இவருக்கும் எனக்கும் ஆரஞ்சு மிதவைச் சட்டை, படகை விட்டு இறங்காமலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், யார் பார்த்தாலும் சிரிப்பார்கள். என் பெண் நிரஞ்சனா நின்றாள். அவ்வளவுதான் செய்தாள், படகின் முனையில் நின்றாள், பேசிக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிவிட்டது. வீட்டில் அவள் பேசினால் அவள் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார், மாமா குறுக்கே பேசுவார், நானும்தான், இட்லி ஆறுது வா என்பேன். இங்கே கையை உயர்த்தினாள், நின்றார்கள். விரலைச் சுழற்றினாள், திரும்பினார்கள். இஞ்சினியரிங்கில் அவள் தலையில் கட்டிய கம்ப்யூட்டரும், பெங்களூரில் அந்தக் கண்ணாடிக் கட்டடமும், இரவு பகல் தெரியாமல் வெளுத்துப்போன அந்த முகமும் எங்கே போயிற்றோ. இப்போது கறுத்திருக்கிறாள், என் மாமியார் இருந்தால் மாரடைப்பு வந்திருக்கும், அடுப்புக்கரி மாதிரி மினுமினுவென்று கறுத்து, தோளில் இவ்வளவு சதை எங்கிருந்து வந்தது, இது நான் பெற்ற தோள்தானா. கூட்டத்தில் ஒரு ஜெர்மன்காரி, என்னைவிடப் பெரியவள், ஏணியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள், பயம். நிரு அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவில்லை, இழுக்கவில்லை, பக்கத்தில் போய் அவள் காதில் என்னவோ சொன்னாள், அந்த அம்மாள் தானாகக் கையை விட்டு இவள் கையைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு பேரும் முகத்தைத் தண்ணீருக்குள் கவிழ்த்துப் போய்விட்டார்கள். எனக்கு எரிந்தது. சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எரிந்தது. என் பெண்ணின் கையை எவளோ பிடித்துக்கொண்டு போகிறாள், எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றைப் பார்க்க. திரும்பி வந்து ‘உங்க பொண்ணா? உங்க பொண்ணா?’ என்று என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள், கண்ணில் தண்ணீர், ஆமையைப் பார்த்தாளாம், ஆமை இவளைப் பார்த்ததாம். இவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா அத்தனை நேரமும்? தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு மேல் குழாய் குழாயாகத் தெரிகிற தலைகள், உதட்டை அசைத்து அசைத்து, எண்ணி முடித்து மறுபடி முதலிலிருந்து. ஒரு தலை குறைந்தால் அது மேலே வருகிற வரைக்கும் மூச்சுவிடவில்லை. கறுப்பு நீச்சலுடை, கண்ணாடிக்குப் பச்சைப் பட்டி, நிருவின் தலை வந்ததும்தான் சட்டைக்குள் தோள் இறங்கியது. பெண் மீன் காட்டுவதில் இல்லை இவருக்குக் கஷ்டம். பெண் கீழே போகிறாள், ஒவ்வொரு நாளும் கீழே போகிறாள், இவர் சேலத்தில் உட்கார்ந்து எதை எண்ணுவது? எனக்கும் அதே பயம்தான், என்னுடையது இன்னும் மோசம், நான் எண்ணக்கூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை சாப்பாட்டு மேஜையில்தான் நிரு அதைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை நாங்கள் மீன் தொடமாட்டோம் என்று மரியம் தேங்காய்த் துருவலோடு வெங்காயம், பச்சை மிளகாய், ஏதோ கீரை, எலுமிச்சை பிசைந்து, சப்பாத்தி மாதிரி ஒன்றோடு வைத்திருந்தாள், அவர்கள் மீன் போட்டுச் செய்வதை எங்களுக்காக இப்படி மாற்றி, இவர் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார், வாங்கிக்கொண்டே ஊரைத் திட்டினார். பெட்டிகளோடு படகுத்துறைக்கு அவர் போனதும் நிரு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அம்மா, அப்பா சொன்னா வரமாட்டேன். நீ சொன்னா வர்றேன். நிஜமா. சண்டை போடமாட்டேன், பெட்டி கட்டறேன்.” என் வாய் திறந்தது. என் வாயைப் பொத்தினாள், உப்புக் கையால். “இப்ப இல்ல. ஒரே ஒரு தடவை எங்கூடத் தண்ணியில வந்து படு. அப்புறம் சொல்லு, என்ன சொன்னாலும் சரி.” தண்ணியில படு என்கிறாள், பாயில் படு என்பது போல. நான் தண்ணீரில் நின்றவள்தானேடி, படுத்தவள் இல்லையே. ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ஆறே ஓடிக்கொண்டிருக்கும்போது, சொம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிற கூட்டம் நாங்கள். கடல் பார்த்தது கான்வென்ட்டில்தான், வேளாங்கண்ணி எக்ஸ்கர்ஷன். சிஸ்டர் கான்ஸ்டன்ஸ் ஒரு நீளக் கயிறு கொண்டுவந்திருந்தாள், தேர் வடத்தில் பாதி தடிமன், வகுப்பே வரிசையாக அதை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடித்தபடியே கணுக்கால் அளவுக்கு இறங்க வேண்டும், விசில் அடித்தால் ஏற வேண்டும். கயிற்றை விட்டால் ஜெபமாலை முழுசும் முட்டிபோட்டுச் சொல்ல வேண்டும். அலை வந்தது, எல்லோரும் வீறிட்டோம், ‘லேடீஸ் டோன்ட் ஷௌட்!’, பாதத்துக்கு அடியிலிருந்து மண் சரிந்து ஓடியது, அந்தக் குறுகுறுப்பு, யாரோ என்னை மட்டும் கூப்பிட்ட மாதிரி. விசில். ஏறிவிட்டோம். அவ்வளவுதான் என் கடல். உள்ளங்கையில் கயிற்றின் தேங்காய்நார் குத்தினது மட்டும் ரொம்ப நாள் இருந்தது. சுருக்கமாகச் சொன்னால் அப்புறமும் நான் கயிற்றை விடவே இல்லை, ஆட்கள்தான் மாறினார்கள், விசில் ஊதுகிறவர்கள். ச்சே, என்ன நினைப்பு இது, நடுத்தெருவில்.

இது வேலிக்கு இந்தப் பக்கக் கடற்கரை, ஊர்க்காரர்களுடையது. வந்து நின்ற பிறகுதான் பார்க்கிறேன், என் கையில் குளியலறை பிளாஸ்டிக் மக். எப்போது எடுத்தேன்? படகுத்துறைக்கும் இதோடுதான் போனேனா, இவர் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லையா? நிரு தண்ணீரில் இடுப்பளவில் நின்று சிரிக்கிறாள், விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “அம்மா! கடல்ல மொண்டு ஊத்திக்கப் போறியா?” சிரி, சிரி. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் மொள்ளுகிற பொருள். அங்கே பார்த்தால் மரியமும் இன்னும் இரண்டு பெண்களும் முக்காட்டோடு, முழுக்கைச் சட்டையும் பாவாடையுமாக, அப்படியே கடலில் மல்லாந்து கிடக்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில் நின்று பேசுவது போலப் பேசிக்கொண்டு. ஒருத்தி வயிற்றின் மேல் கை கோத்திருக்கிறாள். கொத்தனாரைத் திட்டுகிற அதே குரலில்தான் மரியம் பேசுகிறாள், ஆனால் படுத்துக்கொண்டு. எவ்வளவு கம்பீரம்! எனக்கு இருந்த ஒரே சாக்கு துணி, சுடிதாரோடு எப்படி இறங்குவது என்று, அதையும் பிடுங்கிவிட்டார்கள். “அம்மா, வா, வா,” என்கிறாள் மரியம், திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் அவள் தாயாரோடு இருந்த நாட்களில் பொறுக்கிய தமிழோ மலையாளமோ, “பேடி வேண்டாம். தண்ணி நல்லது.” பேடி என்றால் பயமாம். மக்கை மணலில் வைத்தேன். கவிழ்த்து வைத்தேன், காற்றில் போகாமல். தண்ணீர் என்னமோ குளிர்ந்திருக்கும் என்று பார்த்தால் இளஞ்சூடு, வெந்நீர் போட்டுப் பாதி விளாவின மாதிரி, பாதம் தெரிகிறது, மெட்டி தெரிகிறது, மெட்டியைச் சுற்றி ஊசி ஊசியாய் மீன், யாரும் காட்டாமலே பார்த்துவிட்டேன், பார்த்தீங்களா, எனக்கும் மீன் காட்டிட்டிருக்கா. முழங்கால். இடுப்பு. சுடிதார் காற்றுப் புகுந்து பூரி மாதிரி உப்பிக்கொண்டு எழும்ப, நிரு அதைத் தட்டித் தட்டி அமுக்குகிறாள், அவள் சின்னவளாக இருந்தபோது நான் கவுனை அமுக்கியது போல.

“இப்ப சாஞ்சுக்கோ. நாற்காலி மாதிரி.” நாற்காலி எங்கேடி? “என் கை இருக்கு.” ஒரு கை பிடரியில், ஒரு கை முதுகில். கனமா இருப்பேன்டி. “தண்ணியில யாரும் கனம் இல்லம்மா.” அண்ணாந்தால் வானம், வானத்துக்கு இவ்வளவு இடம் எதற்கு, கால் தேடுகிறது, தரை தேடுகிறது, மூக்கில் உப்பு, ஐயோ, எழுந்துவிட்டேன், இருமல், மரியம் ஏதோ சொல்லி மற்றவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். “மூச்சை அடக்காதே. கழுத்தை விடு. காது நனையட்டும்.” காது நனையக் கூடாது என்றுதான் எண்ணெய்க் குளியலில்கூடப் பஞ்சு வைப்பேன். “விடும்மா.” மறுபடி. காது நனைந்தது. எல்லாச் சத்தமும் போய்விட்டது, மரியமும், தூரத்து சிமெண்ட் மிக்ஸரும், எல்லாம், அந்த இடத்தில் வேறொரு சத்தம், சடசடசட என்று, கீழே எங்கேயோ, விடாமல், இது எனக்குத் தெரியும், இது ஜவ்வரிசி வடாம் காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் பொரிகிற சத்தம், கடலுக்கு அடியில் யார் வடாம் பொரிக்கிறார்கள், நிருவைக் கேட்க வேண்டும், நிரு தினமும் இதைக் கேட்டுக்கொண்டா கீழே போகிறாள், அப்படியானால் அது வீட்டுச் சத்தம்தான், அடுப்படிச் சத்தம்தான், அப்படியானால் அவ்வளவு பயமில்லை. வயிறு மேலே வந்துவிட்டது. இரண்டு பெற்று ஒன்று தங்கின வயிறு, வெயிலில், யார் பார்த்தால் என்ன. கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தினால் கரை தெரிகிறது, தலைகீழாக இல்லை, ஓரமாக, மணலில் கவிழ்ந்த மக், மக் பக்கத்தில் ஒரு ஆள், பேன்ட்டைக் கெண்டைக்கால் வரை சுருட்டிக்கொண்டு. பெட்டிகளை விட்டுவிட்டு வந்திருக்கிறாரே இந்த மனுஷன், பெட்டிகளை! ஒரு கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, இன்னொரு கை விரலை நீட்டி, உதடு அசைகிறது. எண்ணுகிறார். எண்ணுங்க. மரியம், அந்த இரண்டு பேர், நிரு, நான். நானும் ஒரு தலை இப்போது, என்னையும் சேர்த்து எண்ணுங்க. கத்துகிறாரோ, வாய் பெரிதாகத் திறக்கிறது, கிளம்பு என்கிறாரோ, என்னவோ, எனக்கு வடாம் சத்தம்தான் கேட்கிறது. அந்த வார்த்தை என் நாக்குக்கு அடியில் இல்லை. உப்புத் தண்ணீரோடு போயிருக்கும், துப்பினேனா விழுங்கினேனா தெரியவில்லை, தேடிப் பார்த்தாயிற்று, இல்லை. நிரு, உங்கப்பாவுக்குத் தினமும் ஒரு ஃபோன் பண்ணு, மேலே வந்ததும், வந்துட்டேன்பான்னு ஒரு வார்த்தை, அவர் எடுப்பார், இனிமேல் எடுப்பார், எடுக்காவிட்டால் நான் இருக்கிறேன். அந்த மூணாவது டிக்கெட்ட அவர் காலண்டரோட சேத்து மடிச்சு வெச்சுக்கட்டும். நீ பெட்டி கட்ட வேண்டாம். இதைச் சத்தமாகத்தான் சொன்னேன், என் குரல் எனக்கே மண்டைக்குள் கேட்டது. பிடரியில் கை இருந்தது, இப்போது அங்கே சும்மா இளஞ்சூடாக இருக்கிறது, முதுகிலும் அப்படித்தான், கையா தண்ணீரா பிரித்துச் சொல்ல முடியவில்லை, திரும்பிப் பார்த்தால் முழுகிவிடுவேன், பார்க்க மாட்டேன், கரையில் அவர் விரல் இரண்டு இடத்தைக் காட்டி எண்ணுகிறது, ஒன்று இங்கே, ஒன்று கொஞ்சம் தள்ளி. நிரு. நிரும்மா. கேக்குதா? கொஞ்ச நேரத்துக்கு, கையை மட்டும் எடுத்துடாதே.